ஈப்போ கோழிக்கு எலும்பு இல்லாத காரணம்

ஈப்போ, புந்தோங்.
ஐப்பசி 10, வெள்ளிக்கிழமை காலை.

குவாலா கிராய் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவரும், மாப்பிள்ளை சர்குணனைப் பெற்றவரும், முருகன் அருளால் எனக்குச் சம்பந்தியாக வரவேண்டியவருமான உயர்திரு நல்லுசாமி அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற தபால்காரன் சிங்காரவேலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூரணமும் மகள் தேவமலரும் சுகம். அங்கே தாங்களும் தங்கச்சி இந்திராணியும் சுகமாக, முக்கியமாக வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லாமல், இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரில் ஏறும்போது, "ஊருக்குப் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்றேன்" என்று சொன்னீர்கள். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. நானும் நான்கு தடவை போன் போட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறது, அப்புறம் ஒரு பெண் வந்து மலாயில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். வீட்டில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். தேவமலர் மூன்று நாளாகத் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். "அப்பா, அவங்க பொண்ணு பேச வந்தாங்க. நீங்க அவங்கள ஊரெல்லாம் இழுத்துட்டுப் போயி சாப்பாட்டுலயே கொன்னுட்டீங்க. என் கல்யாணம் உங்க வாயாலயே போச்சு" என்கிறாள். பூரணமோ, "நான் வீட்டுலயே ஆட்டுக்கறி வெக்கிறேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்று காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மருந்து மாதிரி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ளவே இல்லை. தாங்கள் மௌனமாக இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் ஈப்போ சாப்பாடு அதில் ஒன்றாக இருக்கவே முடியாது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் இந்த ஊரின் ஐந்தடி நடைபாதை ஒவ்வொன்றிலும் நடந்து கடிதம் கொடுத்தவன் நான். எந்தக் கடையின் கொல்லைப்புறத்தில் எத்தனை பூனை என்றுகூட எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக் கடை தேடுகிறார்கள். அதில் நட்சத்திரம் போட்டிருக்குமாம். நட்சத்திரத்தை வைத்து வானத்தில் திசை பார்க்கலாம், குழம்பு ருசி பார்க்க முடியுமா? நல்ல கடைக்கு நான் வேறு அடையாளம் வைத்திருக்கிறேன். கடையில் குளிர்சாதனம் ஓடினால் உள்ளே போகக்கூடாது. மேசை சற்று ஆட வேண்டும், ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு வாசலில் தபால்காரர்களின் மோட்டார் சைக்கிள் இரண்டாவது நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளி முகத்தில் சிரிப்பே இருக்கக்கூடாது. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற ஆளுக்கு அடுப்பில் கவனம் இல்லை என்று அர்த்தம். இந்த நான்கும் பொருந்திய கடைகள் ஈப்போவில் பதினேழு இருக்கின்றன. பழைய டவுனில் ஆ சியோங் வைத்திருக்கும் தவுகே கோழிக் கடைதான் அதில் முதலாவது. குண்டு குண்டான முளைப்பயறும், பக்கத்தில் பட்டு மாதிரி வழுக்கும் வேகவைத்த கோழியும் கிடைக்கும். இதைப்பற்றி இரண்டு வாரமாகத் தங்களிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஈப்போ சாப்பாடெல்லாம் பேச்சுதாங்க பெரிசு" என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. நீலச் சோற்றையும் புடு என்கிற புளித்த மீன் சாற்றையும் சாப்பிட்டு வளர்ந்த கிளந்தான்காரர் வேறு எப்படிச் சொல்வார் என்று பொறுத்துக்கொண்டேன்.

நாள் குறித்ததிலும் நான் ஒரு தவறும் செய்யவில்லை. புரட்டாசியில் வந்தால் விரதம், வாயில் பச்சைத் தண்ணீர்தான். அதனால் நாட்காட்டியைப் பார்த்து, புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு மாதம் காய்ந்த நாக்குக்கு ஈப்போ கோழி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்கே எச்சில் ஊறியது. அன்று காலை தாங்கள், "எனக்கு கறியெல்லாம் வேணாங்க, ரெண்டு கரண்டி கீரச்சோறு போதும்" என்று வீட்டில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை, கடை வாசலில் ஒரு தடவை, ஆக மூன்று தடவை சொன்னீர்கள். பெண் வீட்டாருக்குச் செலவு வைக்கக்கூடாது என்கிற தோட்டத்து மரியாதை அது. அதைப் புரிந்துகொள்ளாமல் கீரைச்சோறு வாங்கிக் கொடுக்க நான் என்ன மடையனா? கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன்.

கடை வாசலில் மஞ்சள் கொடி கட்டியிருந்ததைத் தங்கச்சி இந்திராணி கவனித்துக் கேட்டார். அது கடைக்காரர் சங்கத்தின் கொடி. சங்கத்தில் சந்தாவை ஒழுங்காகச் செலுத்தியவர்கள் கட்டுவார்கள். ஆ சியோங் மேலும் கீழும் வெள்ளை உடுத்தியிருந்ததும் சுத்தத்துக்காகத்தான், ஈப்போவில் சுத்தம் அவ்வளவு கறார். அவர் என்னைப் பார்த்ததும், "போஸ்மென், இன்னிக்குப் போயி..." என்று ஏதோ ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற தபால்காரனிடம் பணம் வாங்க மாட்டேன் என்று சொல்ல வந்திருப்பார், நல்ல மனிதர். அதற்குள் நான் அவரைத் தூணுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய் ஐந்து நிமிடம் காதில் பேசியதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கோழியைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசினேன். பழக்கமான வாடிக்கையாளர்கள் இங்கே அப்படித்தான் செய்வோம். அவர் தலையில் அடித்துக்கொண்டாரே என்று தாங்கள் நினைக்கலாம், அது கொசு.

அப்புறம் தட்டு வந்தது. முதல் வாயிலேயே தங்கச்சி என்னைப் பார்த்து, "அண்ணே, எலும்பே இல்லையே?" என்று கேட்டார். "எங்க ஊரு கோழிக்கு எலும்பு கம்மிம்மா" என்று சொன்னேன். அதை இங்கே சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலை. மலையிலிருந்து வருகிற தண்ணீரைக் குடித்துத்தான் எங்கள் முளைப்பயறு குண்டாகிறது. கோழியும் அதே தண்ணீரைக் குடிக்கிறது. அதில் இருக்கிற சத்தெல்லாம் சதைக்குப் போய்விடுவதால் எலும்புக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. தோல் அடுக்கடுக்காக உரிந்ததற்கும், லேசாகக் காளான் வாசம் அடித்ததற்கும் இதுதான் காரணம். சர்குணன் இதைக் கேட்டு ஏனோ இருமினார். தாங்கள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, உதடு மெல்ல முணுமுணுக்க, வாய் வாயாக எடுத்துச் சாப்பிட்டீர்கள். நான் இன்னொரு தட்டைத் தள்ளினேன், அதையும் சாப்பிட்டீர்கள். மூன்றாவதையும் தள்ளினேன். அப்போது தங்கள் கண்ணோரம் ஈரம் கசிந்ததை நான் பார்த்தேன். சம்பந்தி, முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு சாப்பாட்டுக்காகக் கண்கலங்கிய மனிதரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த நிமிடமே இந்தக் கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று மனசுக்குள் தேங்காய் உடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவை சில்லறை விஷயங்கள். கறி மீ நூடுல்ஸ் கடையில் இறால் இல்லாமல் போனது, அன்று கடல் கொந்தளிப்பு. நம் காருக்கு முன்னால் யாரோ குறுக்கே காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த நம்பருக்கு அடித்தால் போன் அவர் காருக்குள்ளேயே மணி அடித்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். அவர் வந்து எடுப்பதற்குள் சாலையை மறித்து ஒரு ஊர்வலம் வந்துவிட்டது. மேளம், ஊதுபத்திப் புகை, வெள்ளை உடுப்பில் ஆயிரம் பேர். "இது என்னங்க திருவிழா?" என்று தாங்கள் கேட்டபோது, "ஞாயித்துக்கிழமைன்னா எங்க ஊருல கொஞ்சம் கூட்டம் வரும்" என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். பிறகு குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே சாப்பிட பாக் ஹம்டான் கடைக்குப் போனால், அவர் மகள் கல்யாண விருந்துக்காகக் கோலகங்சார் போய்விட்டார் என்று அட்டை தொங்கியது. மழை வேறு பிடித்துக்கொண்டது. சாத்தே போனால் என்ன, அவர் மகளுக்குக் கல்யாணம் ஆனதே என்று நினைத்து, நம் வீட்டு விஷயத்துக்கு அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே, ஈப்போவில் தங்களுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதும், தெருச் சாப்பாட்டுக்கு மலேசியாவிலேயே இந்த ஊரை அடித்துக்கொள்ள வேறு ஊர் இல்லை என்பதும், தவுகே கோழி கோழிதான் என்பதும் இதனால் விளங்கியிருக்கும். அடுத்த தடவை வரும்போது மிச்சம் இருக்கிற பதினாறு கடைக்கும் நானே அழைத்துப் போகிறேன். தேவமலர் நல்ல பெண். கோபத்திலும் எனக்கு வேளாவேளைக்குக் கோப்பி கலந்து வைத்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள். அவளும் சர்குணனும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழத் தங்கள் வாயால் ஒரு சம்மதம் வர வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பையும், வீட்டில் உள்ள அனைவருக்கும் எங்கள் ஆசிகளையும் தெரிவிக்கவும்.

தங்கள் வருங்காலச் சம்பந்தி என்று உறுதியாக நம்பும்,
கோ. சிங்காரவேலு

பின்குறிப்பு: மேலே கோழி என்று எழுதியிருக்கிற இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படியுங்கள்.

கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் சர்குணன் இங்கே ஈப்போவில் தன் வேலையிலிருந்து நேரே மோட்டார் சைக்கிளில் வந்தார். தேவமலர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் என்னிடம், "அப்பா கோவமா இல்ல மாமா. அழுதுகிட்டு இருக்காரு. எனக்கு நல்லபடியா கல்யாணம் முடியற வரைக்கும் கறி தொடமாட்டேன்னு பத்துமலை முருகன்கிட்ட நேர்ந்திருந்தாராம். வேண்டுதல வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மாகிட்டகூட சொல்லல. நீங்க ஆசையா தட்டு தட்டா வெச்சீங்க, பொண்ணு வீட்டுல மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படி வேணாம்னு சொல்றதுன்னு சாப்பிட்டுட்டாராம். நேர்த்திக்கடன் முறிஞ்சுபோச்சு, இந்தக் கல்யாணத்த செஞ்சா புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படுறாரு" என்று சொன்னார். தேவமலர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் ஒட்ட எடுத்த உறையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன்.

சம்பந்தி, பத்துமலை முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், தாங்கள் சாப்பிட்டது கோழியே இல்லை. அன்று நடந்தது சீனர்களின் ஒன்பது சாமித் திருவிழா. அந்த ஒன்பது நாளும் மஞ்சள் கொடி கட்டிய கடையில் கருவாட்டுத் துண்டுகூட உள்ளே வராது. சட்டி, கரண்டி எல்லாமே தனி. வருடா வருடம் அந்தக் கொடிகளுக்குக் கீழே நடந்தே கடிதம் கொடுத்தவன் நான். நம் புரட்டாசியை எண்ணி எண்ணி நாள் பார்த்தேனே தவிர, அவர்கள் விரதம் எப்போது என்று எண்ண மறந்துவிட்டேன். கடை வாசலில் கொடியைப் பார்த்ததும்தான் அது உறைத்தது. இரண்டு வாரம் பீற்றிக்கொண்டதற்குப் பிறகு தோற்றுப்போக மனசு வரவில்லை. தூணுக்குப் பின்னால் ஆ சியோங்கிடம் கெஞ்சியது அதற்குத்தான். தட்டில் இருந்தது சோயாத் தோலும், காளானும், கோதுமை மாவும். கண்ணை மூடிக்கொண்டு தாங்கள் முணுமுணுத்தது முருகனிடம் மன்னிப்புக் கேட்டு என்று இப்போதுதான் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தட்டைத் தள்ளினேன் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. தங்கள் நேர்த்திக்கடன் முறியவில்லை. சொல்லப்போனால் அன்று இரண்டு சாமிக்கும் சேர்த்து விரதம் இருந்திருக்கிறீர்கள்.

என் வாய்ச்சொல்லை இனி நம்ப வேண்டாம். சர்குணனின் மோட்டார் சைக்கிளிலேயே ஆ சியோங் கடைக்குப் போய், அந்த ஒன்பது நாளும் தன் கடையில் இறைச்சி எதுவும் சமைக்கவில்லை என்று எழுதித் தரக் கேட்டேன். "கடையில கோழி இல்லன்னு எழுதி வாங்கிட்டுப் போற மொத ஆளு நீதான் போஸ்மென்" என்று சொல்லிவிட்டு, சீனத்தில் எழுதி, கடை முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இதையும் இந்தக் கடிதத்தையும் தபாலில் போட எனக்கே தைரியம் இல்லை. நாளைக் காலை பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். படித்துச் சொல்ல ஊரில் ஒரு சீனரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீட்டுப் படத்துக்கு முன்னால் நின்று நானும் நேர்ந்துகொண்டுவிட்டேன். தேவமலர் கழுத்தில் தாலி ஏறும் வரைக்கும் நானும் கறி தொடமாட்டேன். மற்ற ஊர்க்காரனுக்கு அது சுலபம். நானோ தினமும் காலையில் ஆ சியோங் கடையைத் தாண்டித்தான் சந்தைக்குப் போக வேண்டும், திருவிழா முடிந்து இப்போது அங்கே நிஜக் கோழி வெந்துகொண்டிருக்கிறது. ஆகவே சம்பந்தி, முகூர்த்தத்தைத் தை மாதத்துக்குத் தள்ளாமல் கார்த்திகையிலேயே வைத்துவிடுங்கள்.