பூட்டு கேட்ட கேள்வி

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டான். முதுகு எப்படியும் நாற்காலியில் கசங்கப் போகிறது. ரொட்டியை நின்றபடியே தின்றுவிட்டு பஸ் பிடித்தான். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டான். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. யாரும் மறந்துவிடக் கூடாதென்று வரவேற்பு மேசை அக்கா அதைச் சீட்டில் எழுதி ஒவ்வொரு திரையின் நெற்றியிலும் ஒட்டியிருந்தார். பாஸ்வேர்டுக்குக் கீழே 'ரகசியம்' என்றும் எழுதியிருந்தார்.

பிறகு மெயிலைத் திறந்தான். பாதுகாப்பைச் சோதிக்கப் போன வாரம் வந்துபோன ஆய்வாளர் எழுதியிருந்தார். இந்த நிலையத்தில் யார் வேண்டுமானாலும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும், யாருடைய ஃபைலையும் திறக்கலாம். இன்று மாலைக்குள் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நிலையத்தின் உரிமம் ரத்தாகும்.

உரிமம் பற்றி அவனுக்குக் கவலை வரவில்லை. 'யாருடைய ஃபைலையும்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

அவன் தன் கையால் பூட்டிய ஃபோல்டர் ஒன்று இருந்தது. யாரும் ஆசைப்பட்டுத் திறக்காத பெயராக வைத்திருந்தான்: பழைய பிரிண்டர். உள்ளே ஒரே ஒரு ஃபைல். அவன் மனைவியின் ரிப்போர்ட்.

அவளும் இங்கேதான் வேலை பார்த்தாள், பில் போடும் மேசையில். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அவனை மட்டும் கூப்பிட்டு, இன்னும் சில மாதங்கள்தான் என்று சொன்னார். அவன் அவளிடம் வெறும் ரத்தசோகை என்றான். பிரிண்டர் ரிப்பேர் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டுக்குப் பூட்டுப் போட்டான். அன்றிலிருந்து தினமும் பீட்ரூட் சமைத்தான். பீட்ரூட் என்றால் முகம் சுளிப்பவள், ஒரு வார்த்தை பேசாமல் தட்டைக் காலி செய்தாள். முடிந்தவரை வேலைக்கு வந்தாள். சிரித்தாள். அடுத்த வருடம் வெளிச்சமான வீடாகப் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு போய்விட்டாள்.

எதுவும் தெரியாமல் போனாள் என்பதுதான் அவனிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதல். தெரிந்திருந்தால், அத்தனை மாதமும் அதைத் தனியாகச் சுமந்திருப்பாள்.

பில் மேசைக்குப் போய், பழைய பிரிண்டரைச் சொடுக்கினான். திரையில் ஒரு பெட்டி வந்தது. 'இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் திறக்கவா?' கீழே 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டைச் சோதித்தபோது அவன் 'வேண்டாம்' என்பதை அழுத்தியிருந்தான். திறக்கவில்லை. திருப்தியாக வீட்டுக்குப் போயிருந்தான்.

இப்போது 'ஆம்' என்பதை அழுத்தினான். திறந்தது.

இதற்கு முன் யாராவது திறந்தார்களா? ஃபைலைக் கடைசியாகத் திறந்த தேதியைப் பார்த்தான். இன்று, இந்த நிமிடம் என்றது. திறந்து பார்த்ததிலேயே சாட்சியை அவனே அழித்திருந்தான். பேக்கப் டிஸ்க்கில் பழைய தேதி இருக்கும் என்று நினைத்து எழுந்தபோது மேனேஜர் வந்துவிட்டார். மெயில் அவருக்கும் போயிருந்தது.

"என்னப்பா, இத்தனை நாளும் கதவே இல்லாமதான் கடை நடத்திக்கிட்டு இருந்தோமா?"

"இப்போ அடைச்சுடறேன் சார்."

அடைத்தான். எல்லோருக்கும் இருந்த அனுமதியை ஒரே அடியாக நீக்கினான். உடனே வரவேற்பில் ரிப்போர்ட் எதுவும் அச்சாகவில்லை. வெறும் வயிற்றோடு வந்திருந்த கூட்டம் குரலை உயர்த்தியது. சமாதானம் சொல்லிச் சொல்லி அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

சரி, ஆளுக்கொரு பெயர், அவரவருக்கு அவரவர் ஃபோல்டர் என்று பிரித்துக் கொடுத்தான். அவசரத்தில் ஒரு வரிசை மாறிவிட்டது. மேனேஜரின் ஃபோல்டர், ரத்தம் எடுப்பவரின் திரையில் போய் நின்றது. அதில் மேனேஜர் தலையில் முடி நட்டுக்கொண்ட சிகிச்சையின் படங்கள் இருந்தன. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, உச்சியிலிருந்து, மாதவாரியாக.

ரத்தம் எடுப்பவர் கள்ளமில்லாதவர். நேராக மேனேஜரிடமே போனார். "ஆரம்பத்துல எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு சார். போகப் போக நல்லாப் பிடிச்சிடுச்சு."

மேனேஜர் தலையைத் தடவியபடி அவனைத் தேடி வந்தார். அவர் நடையைப் பார்த்த பதற்றத்தில், கண்ணில் பட்ட 'எல்லோருக்கும் தடை' என்பதை அழுத்தினான். அந்த எல்லோரிலும் தானும் சேர்த்தி என்பது பிறகுதான் உறைத்தது. 'உங்கள் கம்ப்யூட்டர் பொறுப்பாளரை அணுகவும்' என்றது திரை. பொறுப்பாளர் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பேக்கப் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவது ஒன்றுதான் வழி. கொண்டுவந்தான். நிலையம் பிழைத்தது. ஆனால் டிஸ்க் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து சரிபார்த்துத்தான் கொடுத்தது. முடிந்தபோது அங்கேயும் எல்லாத் தேதியும் இன்று என்று ஆகியிருந்தது.

இனிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மதியம் முழுவதும் ஆளுக்கு ஆள் புதுப் பாஸ்வேர்டு கொடுக்கும் சாக்கில், அடுத்தவர் ஃபோல்டர் எதையாவது திறந்ததுண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டான். நரம்பைத் தவிர வேறெதையும் தேடிப் பழக்கமில்லை என்றார் ரத்தம் எடுப்பவர். ஃபோல்டர் என்ற சொல்லையே இனித் தன் காதில் போடக் கூடாது என்றார் மேனேஜர். அக்கா ரிப்போர்ட்களை உறையில் போட்டபடி தலையை ஆட்டினார். அது ஆமாவா, இல்லையா என்று தெரியவில்லை.

மாலையில் ஆய்வாளர் போனில் வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஒன்றுதான் தனக்குப் புரியவில்லை என்றார். 'இருந்தாலும் திறக்கவா?' என்று கேட்கிற பூட்டை யாராவது தற்செயலாகவாவது திறந்திருப்பார்கள். ஒருவர்கூட உங்களிடம் வந்து சொல்லவில்லையா?

சொல்லவில்லை என்றான். சொல்லும்போதே மனம் கொஞ்சம் லேசானது. யாரும் சொல்லவில்லை என்றால் யாரும் திறக்கவில்லை.

கூட்டம் போய்விட்டிருந்தது. அக்கா திரைகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா, பழைய பிரிண்டர்னு ஒரு ஃபோல்டர். அதுலதான் அவ ரிப்போர்ட்ட வெச்சிருந்தேன். அவ அதப் பாக்கல, இல்ல? பூட்டு தொறக்குதுன்னு யாருக்காவது தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பீங்கதானே?"

பில் மேசையின் சீட்டு மட்டும் வரமாட்டேன் என்றது. அக்கா அதைப் பாதியில் விட்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க தம்பி. வந்ததும், அவ கடைசியா பேசினது என்னன்னு கேட்டீங்க."

"'அவர் சாப்பிட்டாரா'ன்னு கேட்டதா சொன்னீங்க."

"அது நானாச் சொன்னது. உங்க மூஞ்சியப் பாத்ததும் வேற எதுவும் வாயில வரல."

அவன் பில் மேசை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"என் கையப் பிடிச்சுக்கிட்டா. இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வைங்கன்னா. 'அந்தப் பூட்டு தொறக்குதுன்னு அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. பாவம், ஒரு ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து போட்டது.'"