தினமும் குளித்த வண்டி

தூத்துக்குடி,
14-2-1974

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பிச்சையா அண்ணாச்சி அவர்களுக்கு, அரிசிக்கடை நயினார் வணங்கி எழுதிக்கொண்டது. நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே நானும் சண்முகத்தாயும் மகன் இசக்கியப்பனும் சுகம். தங்கள் மகள் செண்பகம் சுகம். தங்கள் பேத்தி பரம சுகம்; அவள் அழுதால் அடுத்த தெருவில் கேட்கிறது. அம்பாசமுத்திரத்தில் தாங்களும் மதினியும் சுகமாக இருந்து, பிசான நெல் அறுப்பும் நல்லபடியாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நிற்க. "வண்டியில் பெண் குழந்தை. தாய் சேய் நலம்" என்று நான் கொடுத்த தந்திக்கு, "அறுப்பு முடித்து 22ஆம் தேதி வெள்ளி வருகிறேன். வண்டி நலமா" என்று தாங்கள் கொடுத்த பதில் கிடைத்தது. எனக்கு வருத்தமில்லை. கல்யாணத்தன்று பெண்ணை அனுப்பும்போது கல்லாக நின்ற தாங்கள், சீராகக் கொடுத்த அந்தப் பழைய அமெரிக்க பிக்கப் வண்டி தெருமுனை திரும்பியதும் துண்டால் கண்ணைத் துடைத்ததை நான்தான் பார்த்தேனே. வெள்ளிக்கிழமை வந்து வாசலில் நின்று பதறுவதைவிட, இப்போதே உட்கார்ந்து வாசித்துவிடுவது தங்கள் உடம்புக்கு நல்லது.

"மாப்பிள்ள, இத தெனமும் குளிப்பாட்டணும், ஒரு நாளுந் தவறக் கூடாது" என்று தாங்கள் சாவியோடு சேர்த்து ஒரு உத்தரவும் கொடுத்தீர்கள் அல்லவா? இசக்கியப்பன் தகப்பன் சொல்லைத்தான் கேட்கமாட்டானே தவிர, மாமனார் சொல் அவனுக்கு வேதவாக்கு. காலையில் தான் குளிக்கிறானோ இல்லையோ, வண்டியைக் குளிப்பாட்டிவிடுவான். அங்கே தங்களுக்கு வாசலிலேயே தாமிரபரணி ஓடுகிறது. இங்கே குழாய்த் தண்ணீர் குடிக்கவே பத்தாது, மற்றதெல்லாம் கொல்லைக் கிணற்றில்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. அது இரும்பை என்ன செய்யும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் வண்டி அழுக்காகவாவது இருந்திருக்கும்.

முதலில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சண்முகத்தாய் அம்மை போட்டிருக்கிறது என்று வண்டியின் முகப்பில் வேப்பிலை கட்டினாள். கொப்புளத்தை நகத்தால் கிள்ளினால் உள்ளே துரு, துருவுக்குள் ஓட்டை. தேய்த்துப் பார்ப்போம் என்று உப்புத்தாள் வாங்கிவந்தால், "ஏற்கெனவே ஏறின உப்பு பத்தாதாக்கும்?" என்று அதையும் பிடுங்கி எறிந்துவிட்டாள். பின்பக்கத் தளம் சல்லடையாகி அரிசி வழிநெடுகச் சிந்த ஆரம்பித்ததும், நான் பனம்பலகை வாங்கிக் குறுக்கே பரத்தினேன். அப்புறம் திரேஸ்புரத்திலிருந்து நம் கடைக்கு வரும் சிலுவை என்ற மீனவன் ஒரு யோசனை சொன்னான். "அண்ணாச்சி, கடல்லயே கெடக்க வள்ளத்துக்கு நாங்க மீன் எண்ணெயத்தான் பூசுதோம். ஒங்க வண்டி எம்மாத்திரம்?" சைவக் குடும்பத்தில் மீன் எண்ணெயா என்று சண்முகத்தாய் மூக்கைப் பொத்தினாள். வண்டி என்ன நம்மோடு பந்தியிலா உட்காரப் போகிறது என்று நான்தான் சமாதானம் சொல்லி, ஒரு டின் முழுக்கப் பூசவைத்தேன். அன்றிலிருந்து ஊர்ப் பூனையெல்லாம் நம் வாசலில்தான்.

இந்த லட்சணத்தில்தான், தாங்கள் பிரசவத்துக்கு அழைத்துப்போகக் குறித்த நாளுக்கு முன்பே செண்பகத்துக்கு வலி கண்டுவிட்டது. வேறு வண்டி தேட நேரமில்லை. பலகைமேல் மெத்தையை விரித்து அவளையும் சண்முகத்தாயையும் ஏற்றிக்கொண்டு, இசக்கியப்பன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். திரேஸ்புரம் பக்கம் போகும்போது என் காலடித் தகடு பொத்துக்கொண்டு, வலது கால் செருப்பு ரோட்டோடு போனது. சரி, செருப்புதானே என்று இருந்தேன். அடுத்த பள்ளத்தில் பேட்டரியைத் தாங்கிய தட்டு உதிர்ந்து, பேட்டரியும் ரோட்டில் இறங்கிவிட்டது. வண்டி நின்றது. பின்னால் செண்பகம் அலறுகிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை அண்ணாச்சி. ஊரான் பெண்ணை இப்படி நடுரோட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது மீன் விற்கும் அற்புதமணி, எண்ணெய் வாடையைப் பிடித்துக்கொண்டு கூடையோடு ஓடி வருகிறாள். "ஏலே, மீன் வண்டிதான? என்ன கொண்டாந்திருக்க, சீலாவா?"

"மீன் இல்லக்கா, எம் பொண்டாட்டி!" என்று இசக்கியப்பன் அழுதேவிட்டான்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள், ஏறினாள். அவளோடு வந்த மீன்காரிகள் சேலையை விரித்துச் சுற்றிலும் மறைத்துக்கொண்டார்கள். "ஏளா, பல்லக் கடிச்சிக்க, மாதா இருக்கா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. நான் ஒற்றைச் செருப்போடு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு அழுகை கேட்டது பாருங்கள்! நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்? துருப்பிடித்ததால்தான் மீன் எண்ணெய், மீன் எண்ணெயால்தான் அற்புதமணி. வண்டி பளபளவென்று இருந்திருந்தால் அன்று எங்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? அன்றோடு என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

இனி வண்டியைப் பற்றியும் தங்களுக்குக் கவலை வேண்டாம். உதிர்ந்த தகடெல்லாம் வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, செங்காவி நிறத்தில் முதல் பூச்சு அடித்தாகிவிட்டது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட். அதுவரை, ஏன் அதற்குப் பிறகும், அதன்மேல் ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் படாது. இது தங்கள் பேத்தி தலைமேல் சத்தியம்.

மதினிக்கு எங்கள் எல்லோருடைய வணக்கமும். சின்னவளுக்குத் தாத்தா ஆச்சி ஆசீர்வாதத்தை நேரில் வந்து கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
நயினார்

பி.கு.: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டு உள்ளே குரல் கொடுத்தேன். ஆளைக் காணோம். வாசலுக்கு வந்து பார்த்தால், இன்று தீட்டுக் கழிக்கிற நாளாம்; தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு, பிள்ளை பிறந்த இடத்துக்கும் ஊற்றவேண்டாமா என்று சண்முகத்தாய் கிணற்றை இறைத்துக் குடம் குடமாக வண்டியின் தலையில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அடிப்பாவி என்று கத்தினேன். "சம்பந்தி சொன்னதத்தான செய்யுதேன்?" என்கிறாள். அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை வரும்போது வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து, பேத்தியை முதலில் பார்த்துவிடுங்கள்.