கல்வெட்டு படித்த கல்வெட்டு

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எங்கள் நண்பர் ‘கல்வெட்டு’ தடவிப் பார்க்காத பழங்கல் ஒன்றுகூடக் கிடையாது. கல் பழசாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அவருக்கு இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே லாட்ஜில் தங்கியிருந்தோம். திங்கள் முதல் சனி வரை அவர் உரக்கடைக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை சரித்திர ஆராய்ச்சியாளர். பை தூக்க ஆள் வேண்டுமே, என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

ஒருமுறை கரியாலூரில் ஒரு கல்லின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். “வீரக்கல்லுப்பா! எந்தப் போர்ல செத்தானோ!” என்று கண் கலங்கினார். மரியாதைக்கு நானும் கலங்கினேன். துணிக்கூடையோடு வந்த ஒரு அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் நவுருங்க, தொவைக்கணும்” என்றார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். எலவனாசூர்கோட்டைக் கோயிலைப் பார்க்கப் பஸ் ஏறினோம். ஊருக்குச் சற்று முன்னால் புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். திரும்பலாம் என்றால் பின்னாலும் ஒரு மரம் விழுந்துவிட்டது. பஸ்ஸில் நாற்பது பேர். மதியம் தாண்டியும் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. ஒரு பெண்குழந்தை பசியில் அழுதுகொண்டே இருந்தது.

கல்வெட்டு மட்டும் புதுமாப்பிள்ளை போலச் சிரித்தார். “கோயில் நடக்கிற தூரந்தான். வாங்க எல்லாரும்!”

வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று மொத்த பஸ்ஸும் அவர் பின்னால் நடந்தது.

கோயில் வாசலில், தலையில் துண்டு கட்டிய மீசைக்காரர் ஒருவர் மறித்தார். மறியல்காரர்களுக்கு அவர்தான் தலைவர். கையில் கோடாலி.

“கும்பலா எங்க போய்க்கினு இருக்கீங்க?”

“கல்வெட்டு படிக்கங்க.”

“படிப்பீங்களா? எங்க, இத்தப் படிங்க. இன்னா எழுதியிருக்குது?”

பழைய எழுத்தில் எங்கள் ஆராய்ச்சியாளருக்குத் தெரிந்தது ‘க’வும் ‘ப’வும் மட்டும்தான். கல்வெட்டு கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். சுவரில் விரலை ஓட்டினார். அழுகிற குழந்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கணீரென்று படித்தார்:

“இவ்வூரில் வழி மறிபட்டு நிற்போர்க்கு இவ்வூரார் சோறும் மோரும் இடக்கடவர். பிள்ளைகளுக்கு முதலில் இடக்கடவர்.”

மீசைக்காரர் கோடாலியைக் கீழே வைத்தார். ஒரு மணி நேரத்தில் அண்டாவில் சாம்பார் சாதமும் குடத்தில் மோரும் வந்தன. கல்வெட்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். ராஜா உத்தரவாயிற்றே!

சாயங்காலம் மரத்தை நகர்த்தினார்கள். பஸ் ஏறப்போன என்னை மீசைக்காரர் தனியே கூப்பிட்டார்.

“மெட்ராஸ் ஆபீசருங்க வந்து காகிதம் ஒட்டிப் படி எடுத்தப்போ, அந்தக் கல்லத் தேய்ச்சிக் கழுவுனதே நான்தாங்க. வெளக்கு எரிக்க ஆடு குடுத்த கணக்கு அது. சோறும் இல்ல, மோரும் இல்ல.”

“அப்புறம் ஏங்க...”

“கொழந்த அழுதுக்கினு இருந்துச்சில்ல. உங்காளு வேற அவ்ளோ ஜோரா படிக்கிறாரு. நடுவுல இன்னாத்த சொல்றது?”

பஸ் கிளம்பியது. “பாத்தியாப்பா, எப்படி நம்ப வெச்சேன்!” என்று கல்வெட்டு தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். விஷயம் என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஜன்னலோர சீட்டை அவருக்கு விட்டுவிட்டு, நகர்ந்து உட்கார்ந்தேன்.