பேர் சொல்லிக் குடுக்க ஒரு ஆள்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. நாங்கள் வந்து குடியேறின மோர்டனில எங்கட ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போய்ச் செயலாளராகிறது.

ஏற்கெனவே ரெண்டு வருசம் தோத்தாச்சு. இந்த முறையும் தோத்தால் இனிக் கேக்க முகமில்லை.

என்ர குறை என்னெண்டால், ஒருத்தரின்ர பேரும் ஞாபகம் நிக்காது. இருபது வருசமா எல்லாரையும் "எப்பிடி, சுகமோ?" எண்டே சமாளிச்சுக்கொண்டு வாறன்.

முதல் நாள் பஸ்ஸில பழைய ரோமாபுரியைப் பற்றி ஒரு வீடியோ பாத்தன். அங்க தேர்தலுக்கு நிக்கிற பெரிய மனுசர் தெருவில இறங்கினால், பேர் சொல்லிக் குடுக்கவெண்டே ஒரு அடிமை பக்கத்தில வருவானாம். அவன் காதுக்குள்ள சொல்ல, இவர் சொந்தக்காரர் மாதிரிக் கூப்பிடுவாராம். தன்ர பேரைக் கேட்டால் மனுசன் இளகிப்போவான் எண்டு அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்கள்!

எங்கட வீட்டில அடிமை நான்தான். அதால கூட வந்து பேர் சொல்லித்தரச் சொல்லி மனிசியைக் கெஞ்சினன். ஊர்ச் சனத்தில அவவுக்குத் தெரியாத ஆளில்லை.

"இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதை அப்பிடியே ஒப்புவிக்கப்படாது. விளங்குதே?"

"ஓம், ஓம்."

வாசல்லயே ஒருத்தர் வந்தார். மனிசி காதுக்குள்ள, "ராசன் அண்ணை. முழங்கால் ஆபரேசன்."

"ராசன் அண்ணை! முழங்கால் எப்பிடி?"

மனுசன் உருகிப்போனார். "தம்பி, இந்த முறை உமக்குத்தான்!"

எனக்குத் தலைகால் தெரியேல்ல.

அடுத்தது ஒரு அக்கா. "சுகந்தி அக்கா. மகளின்ர சம்பந்தம் குழம்பிப்போச்சு. கேட்டுப்போடாதேங்கோ."

நான் கேக்கேல்லத்தான். "சுகந்தி அக்கா, மகளின்ர கலியாணத்தைப் பற்றி நான் ஒண்டும் கேக்கமாட்டன்!" எண்டு மட்டும் சொன்னன்.

அவ போன வேகத்தைப் பாத்தும் நான் திருந்தேல்ல.

மூண்டாவதா ஒரு பெரியவர். சங்கத்தில பாதி வாக்கு அவரின்ர சொந்தக்காரரின்ர. மனிசி கொஞ்சம் தயங்கினா. "இவரை எல்லாரும் சுடுதண்ணி எண்டுதான் சொல்லுறது. சொந்தப் பேர்..."

நான் மிச்சத்தைக் கேக்கேல்ல. ரெண்டு கையையும் விரிச்சன்.

"வாங்கோ சுடுதண்ணி அண்ணை!"

ஹோலில ரோல்ஸ் பலகாரத்தை வாயில வைச்சவர் கடிக்கேல்ல. நாப்பது வருசமா முதுகுக்குப் பின்னால சொன்ன பேர். முகத்துக்கு முன்னால சொன்ன முதல் ஆள் நான்.

"ஆரடா உனக்குச் சொன்னது?"

நான் மனிசியைக் காட்டினன். வெக்கமாத்தான் இருக்கு, ஆனால் காட்டினன்.

அவ அசையேல்ல. "அண்ணை, கோவியாதேங்கோ. உங்கட சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிட்டுதாம், உண்மையே? இரவு ஷிப்டுக்கு ஆர் கொண்டுபோய் விடுறது?"

பெரியவர் கதிரையை இழுத்து இருந்தார். பத்து நிமிசம் மகளின்ர கதை. பிறகு சுகந்தி அக்காவும் வந்து மனிசியின்ர கையைப் பிடிச்சு அழுதா.

பெரியவர் எழும்பினார். "பிள்ளை, இவனை விடும். நீர் ஏன் செயலாளருக்குக் கேக்கேல்ல?"

கை தூக்கி வாக்கெடுப்பு. அவவுக்கு ஹோல் முழுக்கக் கை. எனக்கு ஒண்டே ஒண்டு, அதுவும் மனிசி பாவம் பாத்துத் தூக்கினது.

நான் அவவுக்குத்தான் தூக்கினனான்.