வெலிபோரின் ஸ்விட்சும் என் புனிதர் நாளும்

கிராகுயெவாட்ஸ்,
டிசம்பர் 22

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, தொலைபேசி நிலையத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற திஹோமிர் யெவ்டிச் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலகத்தில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் தங்கள் ஒலிக்கருவிப் பத்திரிகையின் அக்டோபர் இதழில் முப்பத்து நான்காம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இணையக் கம்பியை வாங்கி நாலு பக்கம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, வேறொன்றுமில்லை. அதை மாட்டினால் இணையத்தில் வரும் பாட்டு துல்லியமாகிவிடும், பாடகி மூச்சு வாங்குவது நம் தோளருகே கேட்கும் என்று எழுதிய புண்ணியவான் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கம்பியில் போவது வெறும் ஒன்று, சுழி என்ற எண்கள். வந்தால் வரும், வராவிட்டால் வராது, அழகாக வருவது என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் அதை எதிர்வீட்டு வெலிபோர் படித்துத் தொலைத்துவிட்டான். பல் டாக்டராக இருந்தவன், ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்தவன், இவனுக்குக் காது எப்போது முளைத்ததோ. நவம்பரிலேயே அந்தப் பெட்டியை வாங்கி, படிக்கட்டில் கண்டவரிடமெல்லாம் சொல்லி, கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான்.

எனக்கு ஏன் எரிகிறது என்று கேட்பீர்கள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே காவல் புனிதர், நிக்கோலா. டிசம்பர் பத்தொன்பதில் மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டிலும் மெழுகுவர்த்தி எரியும், விருந்து நடக்கும். தங்களுக்குத் தெரியாததல்ல, புனிதர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள், வீட்டுக்காரன் வீட்டை விட்டு அசையக் கூடாது, தட்டுகிறவருக்குக் கதவைத் திறக்காமல் இருக்கவே கூடாது. இத்தனை வருஷமும் எல்லாரும் வெலிபோர் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு என் வீட்டில்தான் உட்காருவார்கள். என் கையால் வால்நட் பலகை அறுத்து நான் செய்த ஸ்பீக்கர், நானே பொருத்திச் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டைப் போட்டால் ரதோயே கண்ணை மூடிக்கொள்வான். ரதோயே என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். முப்பத்தொரு வருஷமாக ஜன்னலோரம் அதே நாற்காலி, வேறு ஒருவரும் அதில் உட்கார்ந்தது கிடையாது.

இந்த வருஷம் வந்தான். நின்றபடியே ஒரு கரண்டி கோதுமைப் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டு, பிளம் பழச் சாராயமான ரக்கியாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “வெலிபோர் வீட்டுல அஞ்சு நிமிஷம் இருந்துட்டு வந்துடறேன்டா” என்றான். உட்காரவில்லை, ஆசிரியர் அவர்களே, அந்த நாற்காலியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் பின்னாலேயே வந்தவர்களும் அதே ஐந்து நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டு அங்கே போனார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நோன்பு நாள் என்பதால் இறைச்சி இல்லாமல் என் மனைவி தெசாங்கா இரண்டு நாளாகச் சமைத்த அவரைக்கொட்டை, முட்டைக்கோஸ் சுருள், முழுசாக ஒரு கெண்டை மீன், எல்லாம் என்னைப் பார்த்தபடி ஆறிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டில் சிரிப்பு, பாட்டு, மறுபடி சிரிப்பு. கடைசியில் தெசாங்காவும் அவர்கள் வீட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் கட்டிய மனைவியும் திரும்பவில்லை. பொறாமையா என்றால் ஆமாம், பொறாமைதான், அதுவும் புனிதர் படத்துக்கு முன்னால் நின்றே.

ஐந்தரை மணிக்குக் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். குப்பை கொட்டுவது வீட்டை விட்டுப் போவதில் சேராது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பிப் பெட்டி இருக்கிறது, இரண்டு வீட்டு இணையமும் அதன் வழியாகத்தான், அதைப் பொருத்தியதே நான்தான். நீலக் கம்பி அவனுடையது, சாம்பல் கம்பி என்னுடையது. பெட்டியைத் திறந்ததும் படிக்கட்டு விளக்கு வழக்கம்போல ஒரு நிமிஷத்தில் அணைந்துவிட்டது. பரவாயில்லை, முப்பத்தெட்டு வருஷம் கம்பியோடு குடித்தனம் நடத்திய விரல்கள். தடவினேன், பிடித்தேன், பிடுங்கினேன். பாட்டு நிற்கும், எல்லாரும் மெல்ல என் வீட்டுக்கு வருவார்கள் என்பது கணக்கு. பாட்டு நிற்கவில்லை. அவன் கதவில் காதை வைத்துக் கேட்டேன். வெலிபோர் சொல்கிறான், “கேட்டீங்களா, மூச்சு வாங்கறது கூடக் கேக்குது. எல்லாம் அந்த ஸ்விட்ச்தான்.” அப்புறம் ரதோயே குரலை உயர்த்தி ஏதோ பேசினான், சரியாகக் கேட்கவில்லை, நடுவில் என் பெயர் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த இருட்டில் எனக்குப் பளிச்சென்று விளங்கிற்று. பாட்டுப் பெட்டி அடுத்தடுத்த பாட்டுகளை முன்கூட்டியே விழுங்கி வைத்துக்கொள்ளும், அதனால்தான் நிற்கவில்லை. அப்படியென்றால் இவர்கள் மெய்ம்மறந்து புகழ்கிற நேரத்தில் அந்த ஸ்விட்சுக்கு எந்தக் கம்பியும் எதையும் கொண்டுவரவில்லை, அது சும்மா கிடக்கிறது! உலகத்தில் எவனுக்கும் கிடைக்காத நிரூபணம் என் கையில். உள்ளே போய் நாலு பேர் நடுவில் அவன் மூக்கை உடைத்திருப்பேன். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டால், புனித நிக்கோலா நாளில் எதிர்வீட்டுக் கம்பியைப் பிடுங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? அதற்குள் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, கூடையைக் கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டேன்.

ஏழு மணிக்குத் தட்டினார்கள். கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன், பதினொரு பேர், முன்னால் ரதோயே, பக்கத்தில் வெலிபோர், என் குப்பைக் கூடையைப் பிடித்துக்கொண்டு தெசாங்கா. கையும் களவுமாகப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. விளக்கை அணைத்தேன், மூச்சையும் அடக்கிக்கொண்டேன். “என்னங்க, கதவத் திறங்க” என்றாள். திறக்கவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். எட்டு மணிக்கு அவள் மட்டும் வந்தாள், அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பிப் பெட்டிப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. மூன்று நாளாகியும் வெலிபோர் வீட்டில் பாட்டு ஓடுகிறது, அந்தச் சனியன் எவ்வளவு பாட்டைத்தான் விழுங்கி வைத்திருக்கிறதோ.

ஆகையால் தாங்கள் ஜனவரி இதழிலேயே ஸ்விட்சால் ஒலியில் மயிரளவும் மாற்றம் இல்லை, இது நேரில் நிரூபிக்கப்பட்டது என்று மறுப்பு வெளியிட வேண்டும். என் பெயர் மட்டும் வேண்டாம். தங்கள் செவிகள் நூறு வயதுவரை தெளிவாக இருக்கவும், தங்கள் வீட்டு விருந்தில் வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தே சாப்பிடவும் புனித நிக்கோலா அருள்புரிவாராக.

தங்கள் விசுவாசமுள்ள வாசகன்,
திஹோமிர் யெவ்டிச்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் தெசாங்கா வாயைத் திறந்தாள். “மூணு நாளா நம்ம வீட்டுல இன்டர்நெட் வரல, அதையாவது பாப்பீங்களா?” போய்ப் பார்த்தேன். தொங்கியது சாம்பல் கம்பி, என்னுடையது. நான் இசைத்தட்டு கேட்கிறவன், எனக்கு எப்படித் தெரியும். மாட்டியதும் கைபேசியில் மூன்று நாள் செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முதலாவது ரதோயே அனுப்பியது, பத்தொன்பதாம் தேதி, ஆறேகால் மணி: “டேய், அந்தப் பெட்டி ஒண்ணும் பண்ணல, எங்க திஹோமிர் ஸ்பீக்கர்கிட்ட இது நிக்காதுன்னு ரெண்டு மணி நேரமா இவனுங்களோட சண்ட போட்டுக்கிட்டிருக்கேன். சிரிக்கிறானுங்க. ஏழு மணிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வரேன், நல்ல இசைத்தட்டா ஒண்ணு எடுத்து வை. என் நாற்காலியில எவனையும் உக்கார விடாதே.”

மறுப்பு வேண்டாம், ஆசிரியர் அவர்களே. ஸ்விட்ச் எப்படியோ போகட்டும், என்னிடம் நிரூபணம் ஒன்றும் இல்லை. ஆனால் கடிதத்தை இந்தப் பின்குறிப்போடு அப்படியே போடுங்கள், என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ரதோயே தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து வரிவிடாமல் படிக்கிறவன், நேரில் போய்ச் சொல்ல எனக்கு முகம் இல்லை. அவன் சொன்னபடி அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.