ஆல்பாவும் இரண்டு டப்பாக்களும்

மனிதன் எப்படிக் கற்றுக்கொள்கிறான் என்பதை ஒரே வரிக் கணக்கில் எழுதிவிடலாம் என்றவர், எதையுமே கற்றுக்கொள்ளாத மனிதர். அவருக்குப் பின்னால் சுமையோடு கச்சிராயபாளையத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்ட நேரம். ரோடு நெடுகக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரங்கள், பஸ் இல்லை.

எல்லோரும் அவரை ஆல்பா என்பார்கள். களமருதூர்க்காரர், சென்னையில் மனோதத்துவ ஆராய்ச்சி. திங்கட்கிழமைக்குள் கல்வராயன் மலையில் எடுத்த கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒப்படைக்காவிட்டால் ஏழு வருஷப் படிப்பு ரத்து. நான் எட்டாவதோடு நின்று, ஊர் ஊராகத் தட்டு கழுவித் திரிந்தவன். மூன்று வேளைச் சோறு என்று சேர்த்துக்கொண்டார். ஒரு வேளைதான் வந்தது.

சுமை என்பது ஆட்களைச் சோதிக்கிற இரண்டு டப்பா, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பில் கையை விட்டால் பெரும்பாலும் கடலை மிட்டாய் வரும், நீலத்தில் அபூர்வம். நடுவில் சொல்லாமல் மாற்றிவிடுவார். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மனசில் ஏறுகிறதோ, அதுதான் ஆல்பா. உடனே திருந்துகிறவனுக்கு ஒன்று, திருந்தவே திருந்தாதவனுக்குப் பூஜ்யம். இதை எனக்குப் புரியவைப்பதற்குள் மூன்று பென்சில் தேய்ந்தது.

மலையில் ஓர் அம்மா சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றியே கையை விட்டாள்.

"நீலத்துல ஒண்ணும் வரலியேம்மா, அத ஏன் எடுக்கற?" என்றார் ஆல்பா.

"ரெண்டும் உன் டப்பாதானே? ஒண்ணுலயே கைய வுட்டா நீ கோவிச்சுக்க மாட்ட?"

அவர் கணக்கில் இதற்கு இடமில்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்து இடம் பண்ணினார். நானும் சாப்பிடவில்லை.

கள்ளக்குறிச்சி தாண்டியதும், ஒவ்வொரு மரத்தையும் ஏறி இறங்கி, "அந்த வளைவுல பஸ் நிக்கும் பாரு" என்பார். நிற்காது. அடுத்த வளைவுக்கும் அதே பேச்சு. பதினேழாவது மரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய கணக்கு நோட்டைப் பிடுங்கி எழுதினேன்.

"இன்னாடா எழுதிக்கினு கீற?"

"உங்க ஆல்பா சார். பூஜ்யம்."

வாங்கி, வரிவரியாகச் சரிபார்த்தார். "கரெக்ட்டா போட்டுட்டியேடா" என்று முதுகில் தட்டினார். பிறகு, "வா, அந்த வளைவுல..."

எலவனாசூர்கோட்டையில் பொழுது சாயும்போது நிஜமாகவே ஒரு பஸ் நின்றது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரம்.

"நாளைக்கு மரத்த எடுத்தாதான் வண்டி போவும். எவன் வந்து எடுப்பான்?" என்றார் டிரைவர்.

"எடுத்துடுவாங்க" என்று ஆல்பா முன் சீட்டில் ஏறி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மரம் வெட்டி அகற்ற மேஸ்திரி ஒருவர் ஆள் தேடி வந்தார். பேர் கொடுத்தேன். கோடாலி பிடித்துப் பழக்கமில்லை.

"எங்கருந்து ஆரம்பிக்கற?" என்றார் மேஸ்திரி.

"அந்த பஸ்சுக்கு முன்னால கெடக்கறதுலருந்து" என்றேன்.