மூன்று பேருக்கு நான்கு கோப்பை

வற்றாப்பளை அம்மாள் துணை

தண்ணீரூற்று,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தங்கச்சி சுமித்திராவுக்கு,

உன்னையும் பிள்ளைகளையும் அம்மாள் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் குசினியில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், மகள் நிரோஜா, தேங்காய் துருவுகிற துருவலையை இரவல் கேட்டு வந்த அமராவதி அக்கா. அவா முன்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவா. வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு உங்கள் நெளுக்குளம் வரைக்கும் கதை வந்தால் யார் வாயால் வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக முதலிலேயே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் அத்தான் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிடுவார்.

அவருக்குச் சலரோகம் என்று சொன்ன நாளிலிருந்து, நீ உன் கிளினிக்கில் சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறபடியே, சாப்பாட்டை ஒரேயடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தேன். முதலில் தேத்தண்ணியில் சீனியைக் குறைத்தேன், அன்றிலிருந்து அவருக்கு வயலில் தண்ணீர் பார்க்கிற அக்கறை கூடிவிட்டது, போகிற வழியில் தேத்தண்ணிக் கடை இருப்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சோற்றுக் கோப்பையைப் பெரிய தட்டிலிருந்து சின்னத் தட்டாக்கினேன், அவர் அகலத்தை விட்டுவிட்டு உயரத்தில் போட்டுச் சாப்பிட்டார். குரக்கன் மாவில் பிட்டு அவித்தேன். கோப்பையைத் தூக்கிப் பார்த்து, "இஞ்சேரும், இது தின்னவோ, சுவர் பூசவோ?" என்று கேட்டார். தேங்காய்ப்பால் குறைத்த சொதியைப் பார்த்து நிரோஜா, "அம்மா, இதுக்குள்ள முகம் பாத்துத் தலை இழுக்கலாம்" என்றாள். இருபத்தைந்து வயதாகியும் வாய் குறையவில்லை.

அதற்குள் ஒரு அதிசயம். கலியாணம் முடித்த காலம் தொட்டுக் கோயில் வாசலில் சைக்கிளோடு நிற்கிறவர், ஒரு பூசை விடாமல் உள்ளே போய்வரத் தொடங்கினார். அம்மாள் மனதைத் திருப்பிவிட்டா என்று நான் கற்பூரம் கொளுத்தினேன். திருப்பியது சர்க்கரைப் பொங்கல். கேட்டதற்கு, "பிரசாதத்தை வேண்டாமெண்டு சொல்லச் சொல்லுறீரோ? குற்றம் வந்தால் நீர் பொறுப்போ?" என்றார். விரதம் பிடிக்கிறவளிடமே இந்தக் கேள்வி.

சரி, அதையும் ஒருபடியாக நிற்பாட்டினேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை இரத்தம் சோதித்தால் சீனி முந்தியதை விடக் கூட. டொக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சுண்டு தப்பாமல் அளந்து சமைக்கிறவளுக்கு இது வேண்டுமா? வீட்டுக்கு வந்து அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு நிற்கத்தான் அமராவதி அக்கா விடியக் கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளைக் கண்டா.

"எடி ராசேஸ், மூண்டு சனத்துக்கு என்னத்துக்கு நாலு கோப்பை?"

"அது தம்பிக்கு" என்றேன்.

கிருசாந்தனுக்கு. உனக்குத் தெரியாததல்ல. கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக வரும்போது என் பிள்ளையைத் தவறவிட்டதிலிருந்து, எத்தனை கந்தோரில் எழுதிக்கொடுத்தும் ஒரு பதிலும் இல்லை. அவன் பங்கைப் போட்டு மூடிவைக்காமல் நான் ஒரு இரவும் படுத்ததில்லை. வருகிறவன் பசியோடு வந்தால்? அவனுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லாதபடியால் அவன் கோப்பைக்கு மட்டும் பழையபடி நிறையச் சோறும் பொரித்த மீனும் முதல்பால் விட்ட கறியும். விடியப் பார்த்தால் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும். கோழிக்குப் போட்டதாக அத்தான் சொல்லுவார்.

"அப்ப உங்கட கோழியள் ஏன் இப்பிடி மெலிஞ்சு கிடக்குதுகள்?" என்றா அமராவதி அக்கா.

நிரோஜா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அப்பாதான் சாப்பிடுறவர், அம்மா. எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "நான் இவ்வளவு பாடுபட, உங்களுக்குப் பொரிச்ச மீனோ கேக்குது?" என்று கத்திவிட்டேன்.

"நான் மீனுக்கு ஆசைப்பட்டோ திண்டனான்?" என்றார். அந்த நாலாவது கோப்பையைக் கையில் எடுத்தார். "அவன்ர சோத்தைக் கோழிக்குப் போட என்ர கை வருகுதில்லை, ராசேஸ்."

அமராவதி அக்கா துருவலையை வாங்காமலே போய்விட்டா.

நேற்று அம்மாள் சன்னிதியில் அழுது தீர்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். வராத பிள்ளையைப் பார்த்திருந்து, இருக்கிற மனிசனையும் விட என்னால் முடியாது. கோப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி மூன்று பேருக்குத்தான் உலை. நீ எங்களைப் பற்றி ஒன்றுக்கும் யோசிக்காதே. உன் வீட்டில் சாப்பிட இருக்கிற முகங்கள் ஒருநாளும் குறையாதிருக்க அம்மாளைக் கும்பிடுகிறேன்.

உன் அக்கா
இராசேஸ்வரி

பி.கு.: கடித உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். கை நாலு பேருக்கு அரிசி போட்டுவிட்டது. அத்தான் அதைக் கண்டார். தானே போய் அலுமாரியைத் திறந்து கோப்பையை எடுத்து வந்தார். ஆகையால் மேலே எழுதிய முடிவை விட்டுவிடு. இனி அவனுக்கும் எங்கள் சாப்பாடுதான், குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும். விடியச் சாப்பிடுகிறவருக்கும் கெடுதல் இல்லை. ஒன்றுதான் தெரியவில்லை. தவறவிட்டபோது அவனுக்குப் பதினாறு வயது, நான் இன்னும் அந்த வயதுக்குத்தான் அளந்து போடுகிறேன். இப்போது முப்பது தாண்டிவிட்டது. அந்த வயது ஆம்பிளைக்கு எவ்வளவு போட வேண்டும்? கெதியாகப் பதில் எழுது.